தூசிக்கு நிழல் கிடையாது

கோப்பைக்கு மேலே, ஒரு விரற்கடை உயரத்தில், வெள்ளையாக ஒரு புள்ளி நின்றது. முந்தைய ஃபிரேமில் அது இல்லை. அடுத்த ஃபிரேமிலும் இல்லை. அவள் வழக்கம்போல அதைச் சுற்றிப் பேனா முனையால் ஒரு வட்டம் போட்டு அழிக்கப் போன நேரத்தில் கை தானாக நின்றது. மேசை விரிப்பின் மேல், கோப்பைக்கு இந்தப் பக்கமாக, கடுகில் பாதிகூட இல்லாத ஒரு கறுப்பு தெரிந்தது. படத்துக்குள் விளக்கு எந்தப் பக்கம் இருந்ததோ அதற்கு எதிர்ப்பக்கம். இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய அளவில்.

தூசிக்கு நிழல் கிடையாது. தூசி படச்சுருளின் மேல் வந்து உட்காருவது. படம் பிடித்த அறையின் வெளிச்சம் அதன்மேல் விழுந்ததே இல்லை.

பதினாறு வருஷமாக அவளுக்கு இதுதான் பிழைப்பு. பழைய சுருள்களை இயந்திரத்தில் ஓட்டி, ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனிப் படமாக எடுத்துக் கணினிக்குள் போட்டுவிடுவார்கள். ஒரு நொடிக்கு இருபத்து நான்கு படம். அவள் ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து, அவற்றின் மேலிருக்கும் தூசி, கீறல், பூஞ்சை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் துடைப்பாள். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு விதி சொல்லித் தரப்படும்: ஒரு ஃபிரேமில் மட்டும் வந்துபோவது தூசி, இரண்டில் இருந்தால் அது படம். துடைத்த இடத்தில் ஓட்டை விழும் அல்லவா, அதைப் பக்கத்து ஃபிரேமிலிருந்து அதே இடத்தை நகலெடுத்து ஒட்டி நிரப்ப வேண்டும். பார்க்கிறவனுக்கு ஓட்டை இருந்ததே தெரியாது. கொஞ்ச நாள் போனால் நிரப்பியவளுக்கே தெரியாது.

அலுவலகத்தில் அவளுக்குத் தூசியம்மா என்று பெயர். கணவர் உயிரோடு இருந்தவரை அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவர். யாராவது வீட்டுக்கு வந்தால், இவள் சினிமாவில் இருக்கிறாள், ஆனால் இவள் வேலை நன்றாக இருந்தால் ஒருத்தருக்கும் தெரியாது என்று அறிமுகப்படுத்துவார். வந்தவர்கள் சிரித்தார்களோ இல்லையோ, அவர் சிரிப்பார். அவர் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது.

இப்போது கையில் இருந்தது அறுபது வருஷத்துக்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படம். ஒரு மர வியாபாரியின் வீடு. முதலில் அப்பா படுக்கிறார், பிறகு மூத்த மகன். இருவருக்கும் வேளை தவறாமல் ஊட்டிப் பணிவிடை செய்வது வீட்டின் மூத்த மகள். இருவரும் போய்ச் சேர்கிறார்கள். மூன்றாவதாகத் தம்பி மனைவி படுக்கும்போது, அந்த வீட்டில் ஒவ்வொருவரும் மற்றவர் கையைக் கவனிக்கத் தொடங்குகிறார்கள். மூத்தவள் விஷம் வைத்தாளா, இல்லை, எல்லாருமாகச் சேர்ந்து ஒரு நல்லவளைப் பேயாக்கினார்களா என்பதைப் படம் கடைசிவரை சொல்வதில்லை. எடுத்தவர்களும் சொல்லாமலே செத்துப்போனார்கள். பார்த்தவர்கள் அறுபது வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சண்டைக்கு முடிவு இப்போது திரையில், மூத்தவளின் விரலுக்கும் கோப்பைக்கும் நடுவில், விழுந்துகொண்டிருந்தது.

அடுத்த ஃபிரேமில் அது ஏன் இல்லை என்பதும் புரிந்துவிட்டது. அந்த இடத்தில் சுருள் எப்போதோ அறுந்திருக்கிறது. ஏதோ ஒரு தியேட்டரில் யாரோ நாலைந்து ஃபிரேமை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். தப்பிப் பிழைத்தது இது ஒன்றுதான்.

மூன்று வாரமாக இந்தப் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இதுபோல எத்தனையைத் துடைத்துவிட்டோம் என்ற நினைப்பு வந்தது. துடைக்காத மூலப் படங்களைத் திறந்து, ஊட்டுகிற காட்சிகளை மட்டும் தேடி எடுத்தாள். ஏழு காட்சிகள். குளிர்சாதனத்தின் முனகலும், பழைய சுருள்கள் அழுகும்போது வருகிற அந்தப் புளித்த வினிகர் நெடியும், பக்கத்து அறையில் ஏதோ ஒரு சக்கரம் நின்று நின்று சுற்றுகிற சத்தமுமாக அந்தப் பகல் முழுக்கக் கழிந்தது. அப்பாவின் கட்டிலருகே ஒரு புள்ளி. போர்வையில் அதற்கு நிழல். மூத்த மகனின் வாயருகே ஒரு புள்ளி. கன்னத்தில் அதற்கு நிழல். இரண்டையும் போன வாரம் அவளே துடைத்து, பக்கத்துப் படத்திலிருந்து எடுத்து நிரப்பியிருந்தாள். சுத்தமாக. தடயமே இல்லாமல்.

ஏழாவது காட்சியில் புள்ளி எதுவும் இல்லை. அங்கே வேறொன்று இருந்தது. தம்பி மனைவியின் தலையைத் தூக்கிப் பிடித்தபடி மூத்தவள் குனிந்திருக்கிறாள்; பார்வை கோப்பையில். இருபத்து நான்கில் இருபத்து மூன்று படத்தில் அப்படித்தான். ஒன்றில் மட்டும் கண் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. நேராக. யார் துடைக்கிறது என்று பார்ப்பதுபோல.

*

சுருள்களுக்கு ஒட்டுப் போடுகிற பெரியவர் இரண்டு அறை தள்ளி இருந்தார். முப்பத்தைந்து வருஷமாக அறுந்ததை ஒட்டியே காலம் தள்ளியவர், அதனால் ஒட்டுக்காரர். அவரைக் கூட்டிவந்து காட்டினாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையில் மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். 

பிறகு, ரெண்டு தூசி பக்கத்துல பக்கத்துல விழுந்தா ஒண்ணு இன்னொண்ணோட நிழல் மாதிரிதான் இருக்கும் என்றார். வெள்ளைப் புள்ளி ஒரு தூசி, கறுப்புப் புள்ளி ஒரு துளை, அவ்வளவுதான். மூணு இடத்தில் அப்படி விழுமா என்று அவள் கேட்டாள். ஒரு லட்சத்துச் சொச்சம் ஃபிரேம் இருக்கிற படத்தில் தேடினால் பிள்ளையாரும் பேயும்கூடக் கிடைக்கும் என்றார் அவர்.

அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை மாற்றிக்கொண்டார்.

"தூசியம்மா, இது படத்தைப் பத்தின பேச்சுதானா?"

ஆமாம் என்றாள். அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. மகளுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார்.

மகளுக்கு உடம்பு நன்றாக இல்லை. ஒன்றரை மாதமாக நன்றாக இல்லை. பதினேழு வயசுப் பெண், சாப்பிட்டு எழுந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். வாந்தி. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. மருத்துவர் பரீட்சை பயம் என்றார், அப்பா போன துக்கம் என்றார், அமிலம் என்றார். அவளுக்கு அந்த வரிசை மனப்பாடம். கணவருக்கும் வயிற்றில்தான் ஆரம்பித்தது. தலையணையில் முடி. உள்ளங்கால் எரிகிறது என்று ஈரத்துணி கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறை போனபோதும் மருத்துவர் வேறு வேறு பெயர் சொன்னார், நாலாவது மாதம் எந்தப் பெயரும் தேவைப்படவில்லை.

அந்த நாலு மாதமும் அவருக்கு ஊட்டியது அக்கா. அவளுடைய சொந்த அக்கா. மருத்துவமனை வார்டில் முப்பத்தொரு வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா இல்லாத வீட்டில் இரவுப் பணி பார்த்துத் தங்கையைப் படிக்க வைத்தவள். ரெண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒற்றைப் பையோடு வந்தாள். அவர் போன பிறகும் போகவில்லை. கேட்டால், இங்கே என்ன உன் சொத்தையா தின்கிறேன் என்று சிரிப்பாள்.

போன வாரம் சாப்பிடும்போது அவள் பேச்சுவாக்கில் படத்தின் கதையைச் சொன்னாள். அக்கா கடைசிவரை கேட்டுவிட்டு, அந்தக் காலத்திலும் நோயாளியைப் பார்த்துக்கிறவளுக்குத்தான் கெட்ட பேரா என்றாள். மகள் சிரிக்கவில்லை. பாதியில் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள்.

இந்த வீட்டில் இன்னொரு கட்டில் காலியாகக் கூடாது. அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

*

மறுநாள் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு மூன்று மணிக்கே வீடு திரும்பினாள். சாவியை ஓசையில்லாமல் திருகினாள்.  கூடத்தில் பகல் வெளிச்சம் திரைச்சீலை வழியாகப் பழுப்பாக வடிந்து நாற்காலிகளின் மேல் தேங்கியிருந்தது. சமையலறையிலிருந்து ஸ்பூன் கண்ணாடியில் உரசும் சத்தம் வந்தது, நிதானமாக, சுற்றிச் சுற்றி, எங்கும் இடிக்காமல், பழக்கப்பட்ட கை கலக்குகிற சத்தம். அதோடு கூடவே வினிகர் நெடி, ஒரு கணம் அலுவலகத்து அறையையே தன் உடம்பில் சுமந்துகொண்டு வந்துவிட்டோமோ என்று தோன்றும்படி, வாசலிலிருந்து உள்ளே போகப் போகக் கெட்டியாகிக்கொண்டே வந்தது.

அக்கா முதுகைக் காட்டி நின்றாள். மேடையை வினிகர் போட்டுத் துடைத்திருந்தாள். வார்டுப் பழக்கம். கண்ணாடிக் குவளையில் ஏதோ கலக்கிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.

"ஏண்டி, செருப்பைக் கழட்டாம நிக்கிறே?"

வந்தது எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை. என்ன கலக்குகிறாய் என்று கேட்டாள். குளுக்கோஸ் என்றாள் அக்கா. பிள்ளை மத்தியானம் குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்துவிட்டாளாம். ஸ்பூனை எடுத்து, குவளையின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, உடனே குழாயடியில் கழுவிக் கவிழ்த்தாள்.

உடனே. கழுவினாள்.

அன்றிலிருந்து அவள் வீட்டையும் ஃபிரேம் ஃபிரேமாகப் பார்க்கத் தொடங்கினாள். ஒரே ஒரு முறை நடந்தது, அப்போது ஒன்றுமில்லை என்று துடைத்துவிட்டது, எல்லாவற்றையும் திரும்ப எடுத்தாள். மருத்துவரிடம் அக்கா முந்திக்கொண்டு, இவர் வெளியே கண்டதைச் சாப்பிட்டிருப்பார் என்று சொன்னது. ஒரு விடியலில் மருந்து அலமாரி முன்னால் விளக்குப் போடாமல் நின்றது. கேட்டதும், உனக்கு முழிப்பு வந்துடுச்சா என்று திருப்பிக் கேட்டது. கடைசியாக, அந்தக் காலை. கணவர் கண்ணை மூடி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் குடித்து மிச்சம் வைத்த குவளையை எடுத்துப்போய் அக்கா குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் சத்தம். கண்ணாடிக்குள் சுழலும் விரல்கள். எத்தனை முறை நினைத்தாலும் அந்தப் படம் அப்படியே இருந்தது, கீறல்கூட இல்லாமல்.

இதை யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வது? காவல் நிலையத்தில் போய், என்னைப் படிக்க வைத்தவள் என் புருஷனைக் கொன்றுவிட்டாள், சாட்சி ஒரு பழைய சினிமா என்றா?

அலுவலகத்தில் சுருள் கழுவும் திரவங்களைச் சோதிக்க ஓர் இரசாயன அறை உண்டு. அங்கே இருப்பவரிடம் கெஞ்சிக் கேட்டால் பார்த்துச் சொல்வார். மறுநாள் மாலை, அக்கா மகளுக்கென்று வைத்திருந்த சூப்பில் நாலு ஸ்பூன் எடுத்து, காலி ஜாம் ஜாடியில் ஊற்றி, மூடி, ஃபிரிட்ஜின் அடித்தட்டில் காய்கறிப் பைக்குப் பின்னால் வைத்தாள். காலையில் எடுத்துப் போவதாக ஏற்பாடு.

காலையில் ஜாடி பாத்திரக் கூடையில் கவிழ்ந்திருந்தது. கழுவி. மூடி தனியாக, பக்கத்தில். உள்ளே ஒரு துளி இன்னும் இறங்காமல் நின்றது.

அக்கா அடுப்பில் பால் வைத்துக்கொண்டிருந்தாள். ஜாடியைக் கழுவினாயா என்று கேட்க வாய் வரை வந்தது. அக்கா இவள் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். ஜாடியைப் பார்த்தாள். இவளைப் பார்த்தாள்.  பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, அதையும் இருவரும் கொஞ்சநேரம் வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அதன்பிறகு மகளுக்குக் காலைப் பாலைத் தன் கையால் மட்டுமே கொடுத்தாள். பாக்கெட்டை வெட்டுவதிலிருந்து குவளையைக் கொண்டுபோய் நீட்டுவதுவரை ஒரு நொடி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பவில்லை. மகள் வாங்கிக்கொண்டாள். அம்மா, நீ போ, நான் குடிச்சுக்கறேன் என்றாள். காலிக் குவளை திரும்பி வந்தது. ஐந்து நாள். மகள் தேறவில்லை. கன்னம் இன்னும் ஒட்டியது. கையெலும்பு மணிக்கட்டில் துருத்தி நின்றது. தான் கொடுக்கிற பாலை மீறி அக்கா எப்படி, எந்த வழியாக, எதை உள்ளே அனுப்புகிறாள் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

*

ஆறாம் நாள் மத்தியானம் அக்கா மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். அவள் மகளின் அறையைப் பெருக்கப் போனாள். மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தது. அதன் வழியாக ஒரு கெட்ட நாற்றம் வந்தது, புளித்துப்போன, இனிப்பான, ஈ மொய்க்கிற நாற்றம். எட்டிப் பார்த்தாள். ஜன்னலுக்குக் கீழே வெளிச்சுவரில் பட்டை பட்டையாக ஏதோ வழிந்து காய்ந்திருந்தது. மஞ்சளாகச் சில. வெள்ளையாகச் சில. அதன்மேல் எறும்பு ஒரு கறுப்புக் கோடாக ஏறி இறங்கியது.

அவளுக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. பிள்ளைக்கும் தெரிந்திருக்கிறது. தனக்கு மட்டும் தோன்றிய பைத்தியம் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து மகளின் காலைத் தொட்டாள். எலும்புதான் தட்டுப்பட்டது.

"பெரியம்மா தர்றதைக் கொட்டிடறியா? எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடா."

மகள் திரும்பவில்லை. சுவரிடம் பேசினாள்.

"பெரியம்மா தர்ற சூப்பு மஞ்சள். வெள்ளை, நீ தர்றது."

வெளியே எங்கோ ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகாமல் இருமியது. நின்றது. மறுபடி இருமியது.

நான் என்னடி பண்ணேன் என்று அவள் கேட்டாள், அல்லது கேட்டதாக நினைத்தாள். மகள் மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள், முதுகு சுவரில் ஒட்டும்வரை நகர்ந்தாள், தாயிடமிருந்து எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு.

"அப்பாவோட கிளாஸை யாரு கழுவினா?"

"பெரியம்மா."

"நீதான்ம்மா."

"இல்லை."

"பெரியம்மா வேணாம் வேணாம்னு உன் கையைப் பிடிச்சாங்க. நீ உதறிட்டுக் கழுவினே. நான் வாசப்படியிலதான் நின்னுட்டிருந்தேன்."

ஃபிரிட்ஜில் அவள் ஒளித்து வைத்த ஜாடியையும் தான்தான் கழுவியதாக மகள் சொன்னாள். அம்மா எதையோ கலந்து ஒளித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தாளாம். ஒரு வாரமாகக் குழாய்த் தண்ணீரும், தானே போய் வாங்கிவந்து தானே பிரித்த பிஸ்கட்டும்தான் அவள் சாப்பாடு. பெரியம்மாவைப் பற்றிக் கேட்டபோது தோளைக் குலுக்கினாள். அவங்களையும் நம்ப முடியுமான்னு எனக்குத் தெரியாது என்றாள்.

அவள் தன் அறைக்கு வந்து கதவைச் சாத்தி உட்கார்ந்து, அந்தக் காலையைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். குழாய். தண்ணீர். குவளை. குவளைக்குள் சுழலும் கை. அக்காவின் கைதான். நிச்சயமாக அக்காவின் கை. இன்னும் கிட்டப் போனாள். அந்தக் கையைச் சுற்றி விளிம்பில் ஒரு மங்கல் இருந்தது, மிக மெல்லியதாக. பழக்கமில்லாதவர்கள் கண்ணுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். ஓட்டையை நிரப்பி ஒட்டிய இடத்தில் அப்படித்தான் இருக்கும்.

அதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்று எவ்வளவு முயன்றும் நினைவு வரவில்லை.

ஏன் கழுவினோம்? சாவு வீட்டில் ஆட்கள் வரப்போகிறார்கள், அழுக்குக் குவளை கிடக்க வேண்டாம் என்றா? இருக்கும். கண்ணெதிரே ஒரு கறை இருந்தால் அவள் கை சும்மா இருக்காது. பதினாறு வருஷப் பழக்கம். அப்படித்தான் இருக்கும். அதைத்தவிர வேறென்ன இருக்க முடியும்?

வேறென்ன?

*

மாலையில் அக்கா திரும்பியதும் அவள் ஒரு யோசனை சொன்னாள். இன்றைக்கு மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே பாத்திரத்திலிருந்து சாப்பிடலாம். பிள்ளையும் பார்க்கட்டும். அக்கா அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். சரி என்றாள். அதையே சொல்ல இருந்தவள்போல.

இருவருமாகச் சமைத்தார்கள். அவள் காய் நறுக்கினாள், அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். வாசல் மணி அடித்தது. அவள் போய்ப் பார்த்தாள், பக்கத்து வீட்டுக்கு வந்தவர் கதவு மாறி அடித்திருந்தார். ஒரு நிமிஷம்தான். அந்த ஒரு நிமிஷம் அக்கா சமையலறையில் தனியாக இருந்தாள். பிறகு தூறல் விழ, காயப்போட்ட துணியை எடுக்க அக்கா மாடிக்குப் போனாள். அந்த நேரம் இவள் தனியாக இருந்தாள். சூப் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் கரண்டியால் கிளறினாள். கிளறியது நினைவிருக்கிறது. கிளறியது மட்டும்.

ஏழு மணிக்கு மேசையில் மூன்று கிண்ணம். மூன்று ஸ்பூன். அக்கா மூன்றிலும் ஒரே அளவாக ஊற்றினாள், வார்டில் மருந்து அளப்பதுபோலக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்து. மகள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். கழுத்து அவ்வளவு மெலிந்திருந்தது, தலை எப்படி நிற்கிறது என்று தோன்றும்படி.

ஆவி எழுந்தது. மிளகு வாசம். தூறல் ஜன்னல் தகட்டில் சிறிது சிறிதாகத் தட்டியது.

யாரும் ஸ்பூனைத் தொடவில்லை.

ஆறிடும், சாப்பிடு என்றாள் அக்கா. நீ ஆரம்பி, நீதான் பெரியவள் என்றாள் இவள். அக்கா சிரித்தாள். சிரிப்பு வாயோடு நின்றது.

"நான் ஏன் இன்னும் இங்கேயே கிடக்கறேன்னு நீ நினைக்கிறே?"

இவள் கிண்ணத்தின் விளிம்பிலிருந்த ஒரு சொட்டை விரலால் துடைத்தாள்.

"புள்ளையை உன்கிட்ட விட்டுட்டுப் போக மனசு வரலை." அக்கா இவள் கையைப் பார்த்துச் சொன்னாள். முகத்தைப் பார்க்கவில்லை. "அதான்."

அது பாசத்தில் சொன்னதா, பயத்தில் சொன்னதா என்று தெரியவில்லை. குரலில் எதுவும் இல்லை. நல்ல நர்ஸ் குரல். வலிக்காது என்று சொல்லும்போது வருகிற குரல்.

ஆவி குறைந்தது. சூப்பின் மேல் மெல்லிய ஆடை ஒன்று படிந்தது. மூன்றிலும்.

இவள் கை மேசைக்கு அடியில் போயிற்று. அக்காவின் கையும்.

மகள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்தாள்.

"எனக்குப் பசிக்குது" என்றாள்.

சின்ன வயசுக் குரல். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைப் போட்டுவிட்டுச் சொல்கிற குரல்.

ஸ்பூனை எடுத்தாள்.

தடுக்க வேண்டும் என்று இவளுக்குத் தோன்றியது. கையைத் தூக்கினால் போதும். ஒரு முழம்கூட இல்லை. ஆனால் அதில் ஏதாவது இருந்தால் அக்கா தடுப்பாள். முகத்தில் ஏதாவது அசையும். இமை. உதடு. ஏதோ ஒன்று. ஒரு நொடி. அதைப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். தான் இல்லை என்று தெரிந்துவிடும். அந்த ஒன்று தெரிந்தால் போதும்.

அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

அக்கா இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இமைக்காமல். காத்துக்கொண்டு.

ஸ்பூன் மேலே வந்தது. நிறைந்திருந்தது.  ஒரு சொட்டு மேசையில் விழுந்தது.

யாரும் அசையவில்லை.

மகள் விழுங்குகிற சத்தம் கேட்டது.

பிறகு ஸ்பூன் கிண்ணத்தின் அடியில் உரசியது. இரண்டாவது வாய். மூன்றாவது. அவசரமாக. பசியாக.

இரண்டு பேரும் அவளைப் பார்க்கவே இல்லை.